வண்டிக்கு வலது கை

பாத்துங்க தம்பி, பாத்து! பின்னால ஏத்தின என் பேட்டரி வண்டி ஆடுது. கயிறு நல்லாத்தானே கட்டியிருக்குது? ஆடினா ஆடட்டும் போங்க. உழுந்து நொறுங்கினாலும் எனக்குச் சந்தோசந்தான். நடுரோட்டுல என் மானத்தை வாங்கின வண்டி அது, நொறுங்கட்டும். இருந்தாலும் அந்தக் குழியில மட்டும் கொஞ்சம் பதமா எறக்குங்க.

நல்ல நேரத்துல வந்தீங்க. எட்டயபுரத்துல லாட்ஜைக் காலி பண்ணிட்டு விடிஞ்சதுல இருந்து அந்த ரோட்டோரத்துல நின்னு கம்பெனிக்காரனோட போன்ல மல்லுக்கட்டீட்டு இருந்தேன். நீங்க திருச்செந்தூருக்கே போறேன்னதும்தான் உசுரு வந்துது. அங்கதான் என் வீட்டுக்காரி இருக்கறா. நேத்துல இருந்து தனியா இருக்கறா. என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கறா தெரியுமா அவ? சொல்றேன், கேளுங்க.

எம்பேரு சென்னியப்பனுங்க. காங்கயம் பக்கம். கரண்ட் ஆபீஸ்ல போர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். இதை எதுக்குச் சொல்றேன்னா, கரண்டைப் பத்தி எனக்கு எவனும் பாடம் எடுக்கக் கூடாது. கம்பத்துல ஏறி வேலை செஞ்சவன் நான். பேட்டரி வண்டியெல்லாம் எனக்குச் சுண்டைக்காய். அந்தச் சுண்டைக்காய்தான் இன்னைக்கு என்னைய இப்படி உங்க வண்டியில ஏத்தி விட்டிருக்குது. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா கேஸ் போட்டாலும் போடுவான். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான், நானாப் போயி வாங்கினேன்.

கோளாறு என்னன்னு கேட்டீங்களே. ஆக்ஸிலேட்டருங்க. வலது கையில முறுக்கறோமே, அந்தக் கைப்பிடி. கம்பெனி பாசையில திராட்டில். மத்ததெல்லாம் தங்கம். பேட்டரி தங்கம், மோட்டார் தங்கம், பிரேக் தங்கம். அந்தக் கைப்பிடி மட்டும் நெனைச்சாப் போகும், நெனைச்சா நிக்கும். முறுக்கினா நகராது, விட்டாப் பாயும். பெட்ரோல் வண்டின்னா ஒரு கேபிள் இருக்கும், அறுந்தா மாத்திட்டுப் போயிரலாம். இதுல கேபிளே கிடையாது. உள்ளுக்குள்ள ஒரு காந்தம், ஒரு சென்சார், அவ்வளவுதான். நாம முறுக்கறதை அது மோட்டாருக்குச் சொல்லோணும். சொல்லித் தொலைய மாட்டேங்குது.

நான் ஒண்ணும் ஊர் சுத்திப் பாக்கக் கிளம்பலைங்க. வேண்டுதல். அதுவும் என் வேண்டுதல் இல்லை, அவளோடது. துளசிமணி, என் வீட்டுக்காரி. சர்வீஸ்ல இருந்தப்ப ஒருக்கா கம்பத்துல இருந்து உழுந்துட்டேன். பொழைக்கறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. அப்ப அவ ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுட்டு, முருகா, இவரைப் பொழைக்க வெச்சிரு, சோடியா ஆறுபடை வீட்டுக்கும் வந்து கும்பிடறோம்னு வேண்டியிருக்கறா. நான் கண்ணு முழிச்சதும் அதைத்தான் மொதல்ல சொன்னா. போலாம் போலாம்னேன். எங்கீங்க போறது? லீவு கெடைச்சாத்தானே? வருசா வருசம் தைப்பூசத்துக்குக் கேப்பா. வருசா வருசம், அடுத்த வருசம் பாக்கலாம்பேன். நான் என்ன சும்மாவா உக்காந்திருந்தேன்? ஊருக்கே வெளிச்சம் குடுத்துட்டு இருந்தேன்.

ரிட்டையர் ஆனதும் நானாத்தான் சொன்னேன், கிளம்பு துளசின்னு. "பஸ்ல போலாமுங்க, சன்னலோரமா உக்காந்து பாத்துட்டே போலாம்"னா. பஸ்ஸாமா பஸ்! எங்க ஆபீஸ்ல ரிட்டையர் ஆனவங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்குது. அதுல நாச்சிமுத்துன்னு ஒருத்தன். நான் வண்டி வாங்கின அன்னைக்கே, பேட்டரி வண்டி சந்தைக்குப் போயிக் காய் வாங்கீட்டு வரத்தான் லாயக்குன்னு எழுதினான். விடுவனா நான்? ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாம ஆறுபடை வீட்டையும் சுத்தீட்டு வர்றேன்டான்னு பதிலுக்குப் போட்டேன். அப்படிப் போட்டுட்டு பஸ்ல போனா, வெறும் வாயை மெல்றவனுக்கு அவல் குடுத்த மாதிரி ஆயிராது? நீங்களே சொல்லுங்க.

மொதல்ல பழனி. தரிசனம் அருமையா ஆச்சு. எறங்கி வந்து அடிவாரத்துல வண்டிக்குப் பூசை போட்டேன். பூசை போடறதுல நான் குறையே வெக்கறதில்லைங்க. லைட்டுக்குச் சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பன்னீர், கற்பூரம், எல்லாம். மத்தவங்க அதோட விட்டுருவாங்க. நான் கைப்பிடிக்கும் சேத்துப் பண்ணுவேன். ஏன்னா, சாமி பிரசாதத்தை நாம எந்தக் கையில வாங்கறோம்? வலது கையில. வண்டிக்கு வலது கை எது? ஆக்ஸிலேட்டர்தானே? அதனால பஞ்சாமிர்தத்துல ஒரு விரல் எடுத்து அந்தக் கைப்பிடியில நல்லாத் தேச்சு, மேல தீர்த்தத்தை ஊத்தினேன். எங்க குரூப்ல எவனுக்காச்சும் இந்த ரோசனை வந்திருக்குமா?

பக்கத்துல நின்னவ சும்மா இருக்கலாமில்ல? "ஏனுங்க, சக்கரத்துல ஊத்துங்க, கைப்பிடியில வேண்டாம். உள்ள எறங்கிருமாட்ட இருக்குது"ங்கறா. எனக்கு வந்துது பாருங்க கோவம். காலமெல்லாம் கரண்டுல கெடந்தவனுக்கு இவ சொல்லித் தர்றா! மழை பெஞ்சா லைன் கம்பி நனையறதில்லையா? நனைஞ்சா கரண்ட் நின்னா போகுது? வாயைப் பொத்தீட்டு போட்டோ எடுன்னேன். கோபுரத்துக்கு முன்னால வண்டி, வண்டிக்குப் பக்கத்துல நான். எல்லா எடத்துலயும் அவதான் எடுத்தா. நல்லாத்தான் எடுப்பா, பொய் சொல்லக் கூடாது. உடனே குரூப்ல போட்டேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டலைங்க, நின்னுருச்சு. முறுக்கறேன், முறுக்கறேன், மணிக்கட்டு வலிக்க முறுக்கறேன், அசையலை. கம்பெனிக்குப் போன் போட்டா, தமிழுக்கு ஒண்ணை அழுத்து, புகாருக்கு ரெண்டை அழுத்துன்னு அழுத்தி அழுத்திக் கடைசியா ஒருத்தன் லைன்ல வந்தான். வந்து, "சார், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க"ங்கறான். உன்னைய ஆஃப் பண்ணாத்தான்டா சரியா வரும்னேன். நான் போட்ட சத்தத்துல அக்கட்டால முருங்கைத் தோட்டத்துல இருந்தவங்கெல்லாம் ஓடி வந்துட்டாங்க. நல்ல உச்சி வெயில். வெயில்ல வண்டிய நிறுத்தி வெச்சுட்டு, தொண்டை வறண்டு போற வரைக்கும் கத்தினேன். கத்தி முடிச்சுட்டு முறுக்கினா, வண்டி போகுது! பாத்தீங்களா? சத்தம் போட்டாத்தான் எதுவுமே வேலை செய்யுது இந்த நாட்டுல. துளசி என்ன சொன்னா தெரியுமா? "வெயில்ல காஞ்சிருக்குமுங்க"ங்கறா. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுல அவளை மிஞ்ச ஆளில்லை.

என்னங்க, சிரிக்கறீங்களா? இருமலா? சரி சரி.

அடுத்தது பழமுதிர்சோலை. அழகர்மலை மேல நூபுர கங்கை இருக்குதே, அந்தத் தீர்த்தத்தை ஒரு கேன் நெறையப் புடிச்சுட்டு வந்தேன். ஒருக்கா மக்கர் பண்ணின கைப்பிடி இல்லீங்களா, அதுக்குத் தோசம் கழியட்டும்னு தனியா ஒரு சொம்பு ஊத்தினேன். குளுரக் குளுர ஊத்தினேன். துளசி அக்கட்டால திரும்பி நின்னுக்கிட்டா. சாமி காரியத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டா வெளங்குமா?

வெளங்கலை. திருப்பரங்குன்றத்துல, கோயிலுக்கு முன்னாலயே, நல்லா நின்னுட்டிருந்த வண்டி பாஞ்சுருச்சுங்க. நான் முறுக்கவே இல்லை. முருகன் சத்தியமா முறுக்கலை. அவ பின்னால ஏறி முடிக்கக்கூட இல்லை, ஒரு காலைத் தூக்கிப் போட்டுட்டு இருக்கறா, அதுக்குள்ள தானா வுர்ருனு கிளம்பி நேராத் தேங்காய் பழக் கடையில போயிச் செருகிக்கிச்சு. நான் வண்டியப் புடிச்சுட்டேன். அவளைப் புடிக்க முடியலை. ரெண்டையும் ஒட்டுக்கா எப்படிங்க புடிக்கறது? எனக்கு என்ன நாலு கையா இருக்குது? அவ முட்டி பேந்து ரத்தம். அந்தக் கடைக்காரம்மா, அவங்க கடை போச்சேன்னுகூடப் பாக்காம, இவளைத் தூக்கி உக்கார வெச்சுக் காயத்தைக் கழுவி விட்டாங்க. நல்ல மனுசி. வண்டியில ஒரு கீறல் இல்லை. அந்த மட்டுக்கும் முருகன் காப்பாத்தினான்.

அப்படியே நொண்டி நொண்டி உள்ள வந்து கும்பிட்டா. சோடியாத்தான் கும்பிட்டோம். வெளிய வந்ததும் செருப்பைப் போட்டுக்கிட்டே சொன்னா, "இனி நான் இந்த வண்டியில ஏற மாட்டனுங்க. திருச்செந்தூருக்கு பஸ்ல போறேன். நீங்களும் வாங்க"ன்னு. என்னடி பேச்சு இது, சோடியா வர்றோம்னு வேண்டிக்கிட்டவ நீதானேன்னு கேட்டேன். அதுக்கு அவ, "சன்னதியில சோடியா நின்னாப் போதும். வழியெல்லாம் சோடியா வர்றதா நான் வேண்டலை"ங்கறா. எங்க இருந்துங்க வருது இந்த வாய்? கல்யாணமாகி வந்தப்ப நாலு வார்த்தை சேத்துப் பேசத் தெரியாது அவளுக்கு.

சரி போன்னு விட்டேன். விடிஞ்சதும் அவ பஸ் ஏறி முன்னால போறது, நான் மதுரையில வண்டியச் சரி பண்ணீட்டு எப்படியும் பொழுது சாயறதுக்குள்ள திருச்செந்தூர் போயிச் சேந்தர்றது, அந்திப் பூசைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போறதுன்னு பேச்சு. "நீங்க வர்ற வரைக்கும் நான் உள்ள போக மாட்டேன், கடலோரமா உக்காந்திருப்பேன்"னு சொல்லீட்டுத்தான் போனா. அதை மனசுல வெச்சுக்கங்க.

மதுரை சர்வீஸ் சென்டர்ல ஒரு பொண்ணு இருந்துது. கைப்பிடியக் கழட்டிப் பிரிச்சுது. பிரிச்சதும் உள்ள இருந்து எறும்பு வருதுங்க! சின்னச் சின்னச் செவப்பெறும்பு, சாரை சாரையா. அந்தப் பொண்ணு என்னையப் பாக்குது, எறும்பைப் பாக்குது. "சார், உள்ள தண்ணி போயிருக்கு. ஏதோ இனிப்பாவும் ஒட்டியிருக்கு. என்ன சார் பண்ணீங்க?"ன்னு கேக்குது. நான் என்ன பண்ணினேன்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! எறும்பு பூந்துக்கற மாதிரி வண்டியச் செஞ்சுட்டு, என்னையக் கேள்வி கேக்கறாங்க. மழையே பெய்யலையேம்மா, தண்ணி எங்க இருந்து வரும், உங்க கம்பெனியிலயே ஈரத்தோட மாட்டியிருக்கீங்கன்னு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அந்தப் பொண்ணு எறும்பைத் தட்டி விட்டுது. புதுக் கைப்பிடி ஒண்ணை மாட்டி, "தண்ணி மட்டும் படாமப் பாத்துக்குங்க சார்"னு கும்பிட்டு அனுப்பி வெச்சுது. பயந்துருச்சு, பாவம்.

வண்டி பறந்துதுங்க. சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெயாட்டப் போச்சு. அருப்புக்கோட்டையில ஒரு ஓட்டல்ல சாப்புட்டுட்டு, அங்கயே சார்ஜ் போட்டுட்டு, நிம்மதியாக் கிளம்பினேன். கிளம்பறதுக்கு முன்னால ஞாவகம் வந்துது. புதுச் சாமான் மாட்டியிருக்குது, பூசை போடலையே! கேன்ல தீர்த்தம் மிச்சமிருந்துது. பஞ்சாமிர்த டப்பாவும் இருந்துது. பேச ஆளில்லாததால நிதானமா, திருப்தியாப் பண்ணினேன்.

எட்டயபுரத்துக்கு முன்னாலயே செத்துப் போச்சு. புத்தம் புதுசுங்க! காலையில மாட்டினது! இப்பச் சொல்லுங்க, கம்பெனி ஏமாத்தறானா இல்லையா?

அப்ப எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. விடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். மேனேஜர் வரோணும், மேனேஜருக்கு மேனேஜர் வரோணும்னு லைன்லயே நின்னேன். நடுவுல துளசி கூப்பிட்டா. கட் பண்ணினேன். மறுபடி கூப்பிட்டா. மறுபடி கட் பண்ணினேன். அவன் பாட்டுப் போட்டுக் காக்க வெச்சிருக்கறான், நான் லைனை விட்டா மறுபடி மொதல்ல இருந்து ஒண்ணை அழுத்தோணுமே! அவ கூப்பிட்டுட்டே இருந்தா. என்ன அவசரம் அப்படி? கடலைப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதானே? எனக்குத்தான் இங்க மானம் போகுது. நாச்சிமுத்து வேற, திருச்செந்தூர் போட்டோ எங்கேன்னு குரூப்ல கேட்டுட்டே இருக்கறான்.

இருட்டு கட்டற நேரத்துல நானாக் கூப்பிட்டேன். எடுத்தா. என்ன சொன்னா தெரியுங்களா? "நான் உள்ள போயிக் கும்பிட்டுட்டேன்"ங்கறா. அவ்வளவுதான். அழலை, கோவிக்கலை, சாப்புட்டுட்டேங்கற மாதிரிச் சொல்றா. சோடியா வர்றேன்னு சாமிகிட்ட வாக்குக் குடுத்தவ, தனியாப் போயிக் கும்பிட்டுட்டு வந்து நிக்கறா! என்னைய விட்டுட்டு ஒரு வாய் சோறு தின்னதில்லைங்க அவ. என் உசுருக்காக வேண்டின வேண்டுதல் தம்பி அது. அது தப்பிப் போச்சுன்னா என் கதி என்ன? கண்டபடி பேசிப்போட்டேன். வெச்சுட்டேன். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கலை. காலையில இருந்தும் எடுக்கலை.

இருங்க. இருங்க, அவதான். துளசிதான் கூப்பிடறா! இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். யாரு பக்கம் நியாயம்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

"எங்க இருக்கற? நான் வந்துட்டே இருக்கறேன். கோயில் வாசல்லயே நில்லு. இன்னொருக்கா சோடியாக் கும்பிட்டாத்தான் வேண்டுதல் தீரும்."

"நான் அங்க இல்லீங்க."

"பின்ன எங்க?"

"வேன்ல இருக்கறனுங்க. நான் தங்கின சத்திரத்துல ராஜபாளையத்துப் பொம்பளைங்க கொஞ்சம் பேரு தங்கியிருந்தாங்க. அவங்களும் ஆறுபடை வீட்டுக்குத்தான் வந்திருக்கறாங்க. ஒரு சீட்டு இருக்குது, நீயும் வா அக்கான்னாங்க. ஏறீட்டேன். மதுரையே வந்துருச்சு. சாமிமலைக்குப் போறோம்."

"மதுரையா? அப்ப இந்த ரோட்டுலதானே வந்திருக்கோணும்?"

"ஆமாங்க. உங்களையும் பாத்தேன். ரோட்டோரத்துல நின்னு போன்ல கத்தீட்டு இருந்தீங்க. வேன்காரரு நிறுத்தட்டுமாம்மான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். நீங்க வண்டிய விட்டுட்டு ஏற மாட்டீங்க."

"அடிப்பாவி! சோடியா வர்றோம்னு சாமிகிட்டச் சொன்னியே, அது என்னாச்சு?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டினேன். ஒண்ணும் ஆகலை. இத்தனை வருசமா நல்லாத்தான் கத்தீட்டு இருக்கீங்க. நேத்துச் சன்னதியில நின்னு சொல்லீட்டேன், அவருக்கு வேண்டினது இத்தோட போதும் சாமி, மிச்சம் இருக்கற ரெண்டு கோயிலும் எனக்குன்னு."

"உனக்கா? உனக்குன்னு என்ன கேட்ட?"

"அது எனக்கும் சாமிக்கும். இந்தா வர்றேன், வர்றேன்... இல்லீங்க, இவங்க பாட்டுக்குப் பாட்டு விளையாடக் கூப்பிடறாங்க. வரோணும்னு இருந்தா பஸ்ல வாங்க. நாளைக்குக் காலைப் பூசை வரைக்கும் சாமிமலையில இருப்போம். அதுக்கு மேல காத்துட்டு நிக்க மாட்டேன்."

வெச்சுட்டா. பாத்தீங்களா தம்பி? என் போனை அவ வெச்சுட்டா! பாட்டுக்குப் பாட்டாம்! வேண்டுதலுக்குப் போறவ பாட்டுப் பாடீட்டுப் போறா. கடைசியில சிரிச்சா, கேட்டீங்களா? வெக்கறதுக்கு முன்னால? யாரோ என்னமோ சொன்னாங்க, அதுக்குச் சிரிச்சா. வாய்விட்டுச் சிரிச்சா. அவ சிரிப்பு அப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. இத்தனை வருசம் ஒரே வீட்டுலதான் இருக்கறோம். எனக்குத் தெரியாது.

யாருங்க அந்த வேன்காரன்? கேட்டானாமே, நிறுத்தட்டுமான்னு. கேக்காம நிறுத்தியிருக்கலாமில்ல? ஒரு மனுசன் நடுரோட்டுல நிக்கறான்னு தெரியுதில்ல? நிறுத்தியிருந்தா நான் ஏறியிருக்க மாட்டனா? ஏறியிருப்பேன். வண்டியப் பூட்டீட்டு... யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லீட்டு... கம்பெனிக்காரன்கிட்ட ஒரு வார்த்தை பேசீட்டு... ஏறியிருப்பனுங்க.

தம்பி, திருச்செந்தூர் வேண்டாம். தூத்துக்குடியில பஸ் ஸ்டாண்டுகிட்ட என்னைய எறக்கி விட்டுருங்க. அங்க இருந்து கும்பகோணம் பக்கம் பஸ் இருக்குதா? நேரா இல்லாட்டியும் மாறி மாறிப் போயிருவேன். வண்டியா? கெடக்கட்டும். உங்க வீட்டு வாசல்ல ஒரு ஓரமாப் போட்டு வைங்க, எப்பவாச்சும் வந்து எடுத்துக்கறேன். எடுக்காட்டியும் போவுது. நாச்சிமுத்து என்ன வேணும்னாலும் எழுதட்டும். அவன் எழுதறதுக்கெல்லாம் இப்ப நான் பதில் சொல்லீட்டு இருக்க முடியாது.

எங்கூட்டுக்காரிய விடறதா இல்லைங்க. என்ன தைரியம் இருந்தா பாத்தும் பாக்காத மாதிரிப் போயிருப்பா? சாமிமலையில நேருக்கு நேர் நிக்க வெச்சு, அத்தனை பேரு முன்னால கேக்கத்தான் போறேன். கோவம் கொஞ்சமா நஞ்சமா? காலைப் பூசைக்கு மேல நிக்க மாட்டேன்னு சொன்னாளே, வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாளா தம்பி? நீங்களும் கேட்டீங்களே, அவ குரலு எப்படி இருந்துது? நான் போயிச் சேர்றதுக்குள்ள அவ கிளம்பிட்டான்னா, யாருகிட்டங்க போயி நான் கோவிச்சுக்கறது?